ஜன்னலில் அடித்த திடல் விளக்கு

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் எனக்கு இரவு வேலை. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவேன். பகல் வெயிலில் தூக்கம் பிடிக்காது என்பதால் சாயங்காலம் படுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்புவேன்.

எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் கால்பந்துத் திடல். அங்கிருந்த பழைய விளக்குகள் மெதுவாகச் சூடேறி மஞ்சளாக எரியும். திரையை இழுத்துவிட்டால் போதும். போன வருஷம் அவற்றைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டார்கள். முதல் நாள் அவை எரிந்தபோது நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அறையெல்லாம் வெள்ளை வெளிச்சம். விடிந்துவிட்டது, வேலை போச்சு என்று பதறி எழுந்து சட்டையை மாட்டினேன். கூடத்தில் மனைவி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டுகூட ஆகவில்லை என்றாள்.

அதற்கப்புறம் தூக்கமே கெட்டது. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினேன். பிள்ளைகள் அறையில் படுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லாத நாளிலும், எப்போது எரியுமோ என்று கண்ணை மூடியபடி காத்துக் கிடந்தேன். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு இரவு கிடங்கில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அடுக்கை இடித்துவிட்டேன். பெட்டிகள் சரிந்தன. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிந்ததும் கைலியோடு திடலுக்கு இறங்கிப் போனேன். பந்துக் கழகத்தைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள் கோட்டோரம் நின்றிருந்தார். சண்டை போடத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அங்கிள், ஒரு தடவ மேல வந்து என் ரூம்ல நின்னு பாருங்க லா."

வந்தார். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, ஜன்னலைப் பார்த்ததும் கையால் கண்ணை மறைத்தார். திடல் பளிச்சென்று தெரிகிறதா என்றுதான் பார்த்தார்களாம். ஃபிளாட் பக்கம் யாருக்கும் நினைவே வரவில்லையாம். அடுத்த வாரம் கான்ட்ராக்டர் ஏணி லோரியோடு வந்தார். எங்கள் பக்கம் நிமிர்ந்திருந்த விளக்குகளைக் கீழே சாய்த்து மறைப்புத் தகடு மாட்டினார். அங்கிள் என் அறையில் நின்றபடி, இன்னும் கொஞ்சம் இறக்கும்படி அவருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறை இருண்டது. முன்பைவிட நல்ல இருட்டு. படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குறை சொல்ல இனி ஒன்றும் இல்லை என்பதே பெரிய அவஸ்தையாக இருந்தது.

புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்து மனைவி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "விளக்கால இல்லீங்க. இத்தன வருஷமா ராத்திரி வேலை. உடம்பு போதும்னு சொல்லுது," என்றாள்.

அந்த வாரமே சூப்பர்வைசரிடம் பகல் ஷிஃப்ட் கேட்டேன். மாற்று ஆள் கிடைக்கும்வரை பொறுக்கச் சொன்னார். மழைக்காலம் முடிந்த பிறகுதான் கிடைத்தது.

இப்போது ஊரோடு சேர்ந்து இரவில் தூங்குகிறேன். முன்பு படுக்கும் நேரமான சாயங்காலத்தில் மட்டும் கைகால் சும்மா இருப்பதில்லை. வெங்காயம் உரிக்கிறேன், மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறேன். கொஞ்சம் உட்காரச் சொல்கிறாள் மனைவி. உட்கார்கிறேன், மறுபடி எழுந்துவிடுகிறேன்.