லீவர் துவக்கு திரும்பி வந்த கிழமையில் நான் சொன்ன ‘ஓம்’

1. முப்பதையும் கட்டு

“…பழைய பேரைப் புதுத் துவக்கிலை அடிச்சு விட்டிருக்கிறாங்கள், வேறை ஒண்டும் இல்லை! முப்பதையும் கட்டு, சேகர். திங்கக்கிழமை லொறி வரும். வந்த வழியே போகட்டும்.”

சொன்னவர் என் முதலாளி யென்ஸ். அவர் சொன்னது டெனிஷில். நான் அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். டெனிஷில் முதலாளியும் ‘நீ’தான், தொழிலாளியும் ‘நீ’தான். எழுதும்போது மட்டும் அவருக்கு மரியாதை போடாமல் எனக்குக் கை வராது.

டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்துக்கு வெளியே, பஸ் கடைசியாக நிற்கும் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை இருக்கிறது. வேட்டைத் துவக்குகளை, அதாவது துப்பாக்கிகளை, இறக்குமதி செய்து, சோதித்து, குறி பார்க்கிற ஸ்கோப் பூட்டி விற்கிறோம். பழுது பார்ப்பதும் உண்டு. துவக்கு என்றதும் எங்கள் ஆட்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். அதனால் என் மனைவி வதனி கோயிலில் யார் கேட்டாலும், “இவர் மெக்கானிக்” என்று முடித்துவிடுவாள். பொய் இல்லைத்தானே.

நான் இந்தத் தொழிலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்லன். முதலில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தேன். பிறகு இங்கே வந்து, லீவர் துவக்குகளைக் கழற்றிக் கழற்றிப் பழகினேன். விசைக்குக் கீழே லீவர் என்று ஒரு வளையம் இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே விழும், இழுத்தால் அடுத்தது உள்ளே ஏறும். கௌபோய்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் வந்த பழைய துவக்குகளில் சில நூறு வருடம் தாண்டியவை. அவற்றின் லீவர் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகும். அவற்றைச் செய்த அமெரிக்கத் தொழிற்சாலை பிற்காலத்தில் மூடப்பட்டது. மூடுவதற்கு முந்திய வருடங்களில் அது செய்தவை அப்படி இல்லை. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் போகும். அப்படி ஒன்றைக் கையில் எடுத்த பியா, “இதைச் செய்தவன் அண்டைக்கு வீட்டை போற அவசரத்திலை இருந்திருக்கிறான்” என்றாள். பியா என் பக்கத்து மேசைக்காரி. துவக்கு மரத்துக்கு எண்ணெய் பூசுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. “துடைச்சுப்போட்டு மிஞ்சிறதுதான் எண்ணெய்” என்று எனக்குச் சொல்லித் தந்தவளும் அவள்தான். ஆட்கள் சொல்லுகிற இப்படியான பேச்சுகளை நான் மறப்பதில்லை. என் படிப்பில் பாதி அதுதான்.

பிறகு அந்தத் தொழிற்சாலையை வேறொரு கொம்பனி வாங்கியது. அதே துவக்கைத் திரும்பச் செய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும், “எடுப்பம், எடுப்பம்” என்று யென்ஸை மூன்று மாதம் அரித்தவன் நான். கடைசியில் அவர், “சரி. ஆனால் ஒவ்வொண்டுக்கும் நீதான் கையெழுத்து வைப்பாய்” என்றார். அதுவரை பட்டறையில் சோதனை அட்டையில் கையெழுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான்.

முப்பது பெட்டிகள் வந்தன. முதலாவதைத் திறந்து, கிரீஸைத் துடைத்து, லீவரை ஒருமுறை ஓட்டினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. கடுதாசி நுழைய இடம் இல்லாத பொருத்தம். பன்னிரண்டு துவக்குகளைச் சோதித்து, ஸ்கோப் பூட்டுகிற பேஸ் தகட்டை மேலே வைத்து ஸ்குறூ இறுக்கி, அட்டையில் ‘சேகர்’ என்று எழுதி அலமாரியில் வைத்தேன். மே மாத ஆண்மான் வேட்டைக்கு முந்தி எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு.

முதலாவதை வாங்கிய ஹென்ரிக் என்ற வேட்டைக்காரர் இரண்டாம் நாளே கொண்டு வந்து யென்ஸின் மேசையில் வைத்தார். “லீவர் கடைசியிலை இறுகிப் பிடிக்குது. என்ரை பழைய ட்ராக்டர் இதைவிட நல்லா கியர் மாறும்” என்றார். யென்ஸ் ஓட்டிப் பார்த்தார். பிடித்தது. அதையும் கொண்டு கீழே வந்து, என் அலமாரியில் இருந்த இன்னும் இரண்டை எடுத்து ஓட்டினார். இரண்டும் பிடித்தன. அப்போதுதான் அந்த, “முப்பதையும் கட்டு.”

“இனி லீவர் எண்ட சொல்லே இந்தப் பட்டறையிலை வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலைக்குக் கடிதம் எழுத மேலே போனார்.

2. கறிவேப்பிலையும் வெங்காயமும்

எனக்குக் கை ஓடவில்லை. என் கையால் ஓட்டிப் பார்த்து நல்லது என்று எழுதிய துவக்கு இரண்டு நாளில் எப்படிக் கெடும்? பியா காலிப் பெட்டிகளோடு பக்கத்தில் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து வதனி போன் எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, வரேக்கை கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாங்கோ.”

“ஓம்.”

“வெங்காயமும் முடிஞ்சுது.”

“ஓம்.”

“போன முறையும் ஓமெண்டுதான் சொன்னனீங்கள், வெறுங்கையோடைதான் வந்தனீங்கள்.”

“ஓமப்பா, ஓம், ஓம்!”

எங்கள் பேச்சில் ‘ஓம்’ என்றால் ஆம். டெனிஷிலும் ஒரு ‘ஒம்’ இருக்கிறது. அதற்கு அர்த்தம், திரும்பச் செய். வேலை பிழைத்தால் பட்டறையில் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் சொல்வோம். யன்னல் பக்கம் திரும்பிக் கதைத்துக்கொண்டிருந்த என் வாயிலிருந்து, எரிச்சலில் குறுகிப் போன ‘ஒம், ஒம், ஒம்’ வந்தால் பியா என்ன நினைப்பாள்? கட்ட வேண்டாம், முதலிலிருந்து திரும்பச் செய்யச் சொல்லுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, ஹென்ரிக்கின் துவக்கிலிருந்து பேஸைக் கழற்றிவிட்டாள்.

“என்ன செய்யிறாய் நீ?”

“நீதானே ஒம் எண்டனி. மூண்டு தரம் சொன்னனி. சத்தம் போட்டும் சொன்னனி.”

“அது என்ரை மனுசிக்கு!”

“உன்ரை மனுசிக்கு ஏன் திரும்பச் செய் எண்டு சொல்லுறாய்? பாவம், அவ என்ன செய்தவ?”

சொல்லிக்கொண்டே அவள் விளையாட்டாக லீவரை ஓட்டினாள். கிளிக், கிளாக். வெண்ணெய்.

நான் வாங்கி ஓட்டினேன். பிடிக்கவில்லை. பேஸை அதே ஸ்குறூவால் திரும்ப இறுக்கினேன். பிடித்தது. கழற்றினேன். போனது. லீவரோடு உள்ளே ஓடுகிற போல்ட் என்ற இரும்புத் துண்டை வெளியே எடுத்து விளக்கடியில் பிடித்தால், அதன் முதுகில் மினுங்குகிற ஒரு சின்னக் கீறல். ஸ்குறூ நீளம். நுனி உள்ளே இறங்கி, ஓடுகிற போல்ட்டை உரசியிருக்கிறது. பேஸ் தொடாமல் பெட்டியில் கிடந்த இன்னும் ஐந்தைத் திறந்து ஓட்டினோம். ஐந்தும் முதல் நாள் போலவே ஓடின.

பேஸோடு இரண்டு அளவு ஸ்குறூ வரும், வேறு வேறு பைகளில். நேரம் மிச்சம் என்று இரண்டையும் ஒரே தட்டில் கொட்டியவன் நான். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. நான் சோதித்தது பேஸ் பூட்டுவதற்கு முன். பூட்டிய பிறகு ஒருதரமும் லீவரை ஓட்டவில்லை. அமெரிக்காவில் செய்தவனின் கையைச் சோதித்தேன், என் கையைச் சோதிக்கவில்லை.

பியா மெதுவாகச் சொன்னாள். “ஸ்குறூவை மாத்தினால் பத்து நிமிச வேலை. தானா இளகிட்டுது எண்டு சொல்லலாம்.”

“தொழிற்சாலைக்குப் போற கடிதம்?”

“அது போகும்” என்றாள். பிறகு, “அது பிழைதான்” என்றாள்.

மூடிக் கிடந்த தொழிற்சாலையைப் புதுக் கொம்பனி எழுப்பி, முந்தியவர்கள் கெடுத்த பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. என் தட்டில் கலந்து கிடந்த ஸ்குறூவுக்காக அந்தப் பேரில் நான் சேறு பூசுவதா? மனம் ஒப்பவில்லை.

3. படி ஏறியது

துவக்கு ஒரு கையிலும் ஸ்குறூ மற்றக் கையிலுமாகப் படி ஏறினேன். யென்ஸ் கணினியில் கடிதத்தை முடிக்கும் கட்டத்தில் இருந்தார்.

“யென்ஸ், துவக்கிலை பிழை இல்லை. என்னிலை பிழை” என்று தொடங்கி, தட்டு, ஸ்குறூ, கீறல் எல்லாம் சொன்னேன். ‘ஓம்’ கதையையும் விடவில்லை. கண்டுபிடித்தது பியா என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துவக்கை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் ஓட்டினார்.

“பன்னிரண்டிலும் உன்ரை பேர் இருக்கு” என்றார்.

“ஓம். பன்னிரண்டையும் நானே திரும்பச் செய்யிறன். கீறல் விழுந்த போல்ட்டுகளையும் மாத்துவம். இனி எல்லாம் பூட்டின பிறகுதான் கையெழுத்து.”

இன்றைக்கும் எங்கள் அட்டையில் கையெழுத்துக் கோடு எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. அந்தக் கிழமை மாற்றியது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லுவதும் இவ்வளவுதான்: கடைசியாகத் தொட்ட கை யாருடையதோ, முதலில் அந்தக் கையைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் அது உங்களுடைய கையாகவே இருக்கும். அந்தப் பன்னிரண்டும் மே மாதத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

அன்றைக்கு யென்ஸ் முதலில் ஹென்ரிக்குக்குப் போன் எடுத்தார். “துவக்கு நல்லது. பிழை எங்கடை ஸ்குறூவிலை. என்ரை ஆள் தானா வந்து சொன்னவன்” என்றார். அந்தக் கடைசி வசனத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போனை வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். முப்பதையும் திருப்பி அனுப்புகிறோம் என்ற வரிக்குப் போய், முப்பது என்ற எண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அழித்தார். பிறகு அந்த எண்ணுக்கு முன்னால் ‘இன்னும்’ என்று அடித்தார், பின்னால் ‘அனுப்புங்கள்’ என்று அடித்தார்.