மனு அக்காவின் இல்லாத கூட்டமைப்பு

மாவட்ட அலுவலகத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவில், ஒற்றைக் கதவு வைத்த ஒரு சிறிய அறை. உள்ளே ஒரு கணினி, இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலிகள், சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட மனு எழுதும் உரிமம். இருபத்தைந்து வருடங்களாக அங்கே உட்கார்ந்து மனு எழுதும் பெண்ணை ஊரே ‘மனு அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. எழுபது வயதுக்காரர்களுக்கும் அவர் அக்காதான். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். அவரும்கூடச் சண்டை வந்தால் மட்டுமே மனைவியின் பெயரைச் சொல்வார், மற்ற நேரமெல்லாம் “என்ன மனு, கிளம்பலையா?”தான்.

கல்லூரியில் அரசியல் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டாம் ஆண்டில் அப்பா படுக்கையில் விழுந்ததும், தட்டச்சுத் தேர்வு எழுதி இந்த உரிமத்தை வாங்கிக்கொண்டார். கல்லூரி நின்றதே தவிர, அரசியல் படிப்பு நிற்கவில்லை. தெருவிளக்கு எரியாதது முதல் தொழிற்சாலைக் கழிவு வரை ஊரின் அத்தனை வயிற்றெரிச்சலும் அவர் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகிறது. இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் எது?

நாடுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் அறிஞர்களில் ஒரு கட்சி உண்டு. நாடு என்பது வழுவழுப்பான இரும்புக் குண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. எது பெரிய குண்டு, எது எதை முட்டித் தள்ளும் என்று தெரிந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சி, குண்டைத் திறந்து பார் என்கிறது. உள்ளே தொழிலாளியும் முதலாளியும் நோயாளியும் மாணவியும் இருக்கிறார்கள். இவர்களில் யாருடைய விருப்பம் அமைச்சரின் காதை எட்டுகிறதோ, அதுவே கடைசியில் ‘நாட்டின் விருப்பம்’ என்று சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறது. மனு அக்கா இரண்டாவது கட்சி. அதற்காக அவர் புத்தகம் எதுவும் புரட்டவில்லை. குண்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்.

ஊரின் முக்கிய சாலை ஒரு ஆற்றுப் பாலத்தில் போய் முடிகிறது. பாலத்தின் அந்தக் கோடியில் பக்கத்து நாடு. அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் ஏதோ விருந்தில் நம்மைப் பற்றி இளக்காரமாகப் பேசிவிட்டாராம். மறுநாளே பாலம் மூடப்பட்டது. ஆள் போகக்கூடாது, சரக்கும் போகக்கூடாது. ஒரு மாதம் கழித்து, சரக்குப் போக்குவரத்தை நிரந்தரமாக நிறுத்த ஒரு சட்டமும் வரப்போவதாகச் சொன்னார்கள். “தேசத்தின் மானம் காக்க, மக்கள் ஒருமனதாக இதை விரும்புகிறார்கள்” என்றது வானொலி.

“ஒருமனதாவா? என்னை எவன் கேட்டான்?” என்று அக்கா வானொலியைப் பார்த்துக் கேட்டார். வானொலி பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் கணினியைத் திறந்து, எல்லா மனுக்களுக்கும் பயன்படுத்தும் மாதிரிப் படிவத்தில், ‘இப்படிக்கு’ என்பதற்கு மேலே ஒரு வரியைச் சேர்த்தார்: ‘எங்களைக் கேட்காமல் எடுத்த முடிவை எங்கள் பெயரில் அறிவிக்க வேண்டாம்.’

சேர்த்ததை மறந்தும் போனார். அதுதான் வினை.

அடுத்த வாரங்களில் பாலத்தைப் பற்றி மனு எழுதச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பல் செட் செய்பவர் வந்தார். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அக்கரைக்காரர்கள். “அளவு எடுத்துப் பல்லு ரெடியா இருக்குக்கா. வாய் அந்தப் பக்கம் இருக்கு, பல்லு இந்தப் பக்கம் இருக்கு. தேசத்தோட மானத்துக்காக ஒரு பாட்டி கஞ்சி குடிச்சிட்டிருக்காங்க.” அவர் மனு சுகாதாரத் துறைக்குப் போனது. தேன்பெட்டி வைத்திருக்கும் பெண் வந்தாள். “என் தேனீயெல்லாம் தினமும் ஆத்தைத் தாண்டிப் போயிட்டு வருது, ஒருத்தரும் கேட்கல. நான் பெட்டியத் தூக்கிட்டுப் போனா துப்பாக்கியக் காட்டுறாங்க” என்றாள். அது விவசாயத் துறைக்கு. லாரிக்காரர்கள் போக்குவரத்துத் துறைக்கு, அக்கரையில் செவிலியர் படிப்புப் படிக்கும் பெண்கள் கல்வித் துறைக்கு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

கண்ணாடித் தொழிற்சாலை முதலாளியும் தொழில் துறைக்கு ஒரு மனு எழுத வந்தார். அவர் சொன்னதை அக்கா அப்படியே தட்டச்சு செய்தார், வாயைத் திறக்கவில்லை. மனு எழுதுபவருக்கு டாக்டரைப் போல ஒரு ஒழுக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லக்கூடாது.

நம் அரசாங்க அலுவலகங்களுக்கு இயற்கையாகவே கைவந்த ஒரு கலை, கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளுவது. “பாலம் என்றால் வெளியுறவு” என்று ஐந்து துறைகளும் தள்ளிவிட்டதில், எண்பத்து மூன்று மனுக்களும் தலைநகரில் ஒரே மேசையில் வந்து குவிந்தன. அந்த மேசைக்குரிய துணைச் செயலாளர் எல்லாவற்றையும் படித்தார். எல்லாவற்றிலும் அதே கடைசி வரி! எல்லாவற்றின் அடியிலும், விதிப்படி குத்த வேண்டிய, அதே தட்டச்சகத்தின் முத்திரை! இவ்வளவு கட்டுப்பாடான ஒரு அமைப்பு எல்லையில் இருப்பது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது என்று அவர் திகைத்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் தட்டச்சகத்துக்குக் கடிதம் வந்தது. ‘தலைவர், எல்லை மாவட்ட மக்கள் கூட்டமைப்பு’ என்று முகவரி. வரும் புதன்கிழமை துணைச் செயலாளர் நேரில் வந்து கூட்டமைப்பின் கருத்தைக் கேட்பார். அதன் பிறகே சட்டம் பற்றிய குறிப்பு எழுதப்படும். எண்பத்து மூன்று மனுக்களிலும் ஒரே மாதிரி இருந்த அந்தக் கடைசி வரியும் கடிதத்தில் எடுத்துக்காட்டப்பட்டிருந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த மாவட்ட அலுவலகத் தலைமை எழுத்தர் கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டார். விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று அவருக்குப் பெயர்.

“கூட்டமைப்பா? எப்பம்மா ஆரம்பிச்சே?”

“நான் எதுவும் ஆரம்பிக்கலயே சார்.”

“அப்ப இந்த வரி யாரு சொன்னது? மனுதாரர் சொன்னதத்தான் எழுதணும், உன் சொந்தச் சரக்கச் சேர்த்தா உரிமம் ரத்து. ஏழாவது விதி. எண்பத்து மூணு மனுவும் செல்லாது. புதன்கிழமை கேட்பேன், பதிலோட வா.”

அவர் போன பிறகுதான் அக்கா மாதிரிப் படிவத்தைத் திறந்து பார்த்தார். வரி அங்கேயே, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் வீட்டில் இதைக் கேட்ட கணவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“தலைவி அம்மா, காலுக்கு ஸ்டூல் போடவா?”

“சும்மா இருங்க. உரிமம் போயிடும், அது கூடப் பரவாயில்ல. மனு எல்லாம் போயிடும். அவ்வளவு பேரும் என்னை நம்பி எழுதினது.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “சரி. இப்ப அமைப்பு இருக்கா, இல்லையா?”

“இல்ல.”

“புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள் முழுசா இருக்கு. இல்லாததை இருக்கிறதாப் பண்ணிட்டா அது பொய் இல்லையே?”

“அந்த வரி அவங்க சொல்லாதது.”

“அப்ப போய்க் கேளு. அரசாங்கம் கேட்கலன்னுதானே கத்தினே? நீயாவது கேளு.”

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் கணவர் சொன்ன உருப்படியான பேச்சு அது ஒன்றுதான் என்று அக்கா இன்றும் சொல்கிறார்.

சனிக்கிழமை காலை எண்பத்து மூன்று நகல்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு: “நீங்க சொல்லாத ஒரு வரிய நான் சேர்த்துட்டேன். தப்புதான். வேண்டாம்னா அடிச்சிடலாம். வேணும்னா, உங்களோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பல் செட்டுக்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மனுவுலயே இதுதான்க்கா நல்லா இருக்கு. மத்தது எல்லாம் புலம்பல்.” செவிலியர் படிப்புப் பெண்கள் அந்த வரியைப் பெரிதாக எழுதி வீட்டுக் கதவுகளில் ஒட்டியே விட்டார்கள். லாரிக்காரர்கள் கையெழுத்துப் போட்டதோடு, “கூட்டமைப்புன்னா பொருளாளர் யாரு?” என்று அங்கேயே சண்டையைத் தொடங்கினார்கள். மனிதர்கள் கூடிவிட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? தேன்பெட்டிக்காரி செயலாளர் ஆனாள், பல் செட்டுக்காரர் துணைத் தலைவர். அக்கா வேண்டாம் என்றதால் தலைவர் ஆக்கப்பட்டார்.

மிச்சம் ஒரு மனு. கண்ணாடி முதலாளியுடையது. அதை மட்டும் ஒளித்து வைத்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியதாம். கேட்பது என்று வந்துவிட்டால் எல்லோரையும் கேட்க வேண்டும் என்று திங்கள்கிழமை அவருடைய அலுவலகத்துக்கே போனார்.

முதலாளி வரியைப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். “என்னம்மா இது, என் மனுவுலயும் இருக்கு? நான் என்ன எழுதச் சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வரிய அடிச்சிடவா?”

“அடி. ஆனா கூட்டத்துக்கு நான் வருவேன். நீங்க நூறு பேரு கூடிக் கத்துனா நாடு மாறிடுமா? பார்க்கலாம்.”

“வாங்க சார். உங்களுக்கும் ஒரு நாற்காலி போடுறோம்.”

புதன்கிழமை அலுவலகக் கூட்ட அறையில் இருபது நாற்காலிகள், எழுபது பேர். துணைச் செயலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“தலைவர் யாரு? கூட்டமைப்பு எப்ப ஆரம்பிச்சது?”

அக்கா எழுந்தார். “போன சனிக்கிழமைங்க மேடம். உங்க கடுதாசி வந்த பிறகு.”

நடந்ததை அக்கா ஒன்று விடாமல் சொன்னார். தலைமை எழுத்தர் குதித்தெழுந்தார்.

“பாருங்க மேடம், வாக்குமூலமே கொடுத்துட்டா! வரி இவ எழுதினது. ஏழாவது விதி...”

“எழுதினது நான்தான்” என்று அக்கா கையெழுத்துத் தாள்களை மேசைமேல் வைத்தார். “இப்ப அவங்களோடது. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டேன்.”

“என் வரிங்க அது!” என்றார் பல் செட்டுக்காரர்.

“உங்களோடது எப்படி? முதல்ல கையெழுத்துப் போட்டது நான்” என்றாள் தேன்பெட்டிக்காரி.

துணைச் செயலாளர் கையைக் காட்டி அமர்த்திவிட்டு, தலைமை எழுத்தரைப் பார்த்தார். “ஐயா, தலைநகர்ல எங்க அமைச்சர் பேசுறாரே, அந்தப் பேச்சு முழுக்க நான் எழுதுறது. அவர் ஒத்துக்கிட்டு வாசிச்சா அது அவரோட பேச்சு. இதுவும் அப்படித்தான். உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். ஏழாவது விதியும் உட்கார்ந்தது.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். கட்டாத பல், படிக்காத பாடம், நின்றுபோன லாரி என்று எல்லாவற்றையும் துணைச் செயலாளர் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் கண்ணாடி முதலாளி எழுந்தார்.

“இவங்க சொல்றதெல்லாம் சொந்தக் கஷ்டம். இது தேசத்தோட மானப் பிரச்சினை. மக்கள் கருத்தக் கேட்டுத்தான் அரசாங்கம் முடிவு பண்ணுச்சு.”

“யாரைங்க கேட்டாங்க? எங்க தெருவுக்கு யாரும் வரலையே” என்றாள் தேன்பெட்டிக்காரி.

முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. “உங்க தெருவுக்கு ஏன் வரணும்? என்னைக் கேட்டாங்க! அமைச்சர் வீட்டுக்கே கூப்பிட்டுக் கேட்டாங்க. அக்கரைக் கண்ணாடி பாதி விலைக்கு வருது, பாலத்த மூடுங்கன்னு நான் எத்தனை வருஷமாச் சொல்றேன்! அந்த விருந்துப் பேச்சு இப்பத்தானே வந்துச்சு!”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தது செவிலியர் படிப்புப் பெண்கள். பிறகு அறையே சிரித்தது. வாரக்கணக்காக வானொலியில் முழங்கிய மானம் ஒரு சன்னல் கண்ணாடியின் விலையாக எல்லோர் கண்முன்னும் கிடந்தது. மானம் என்ற சொல்லை மேடையில் கேட்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் நிற்பது யாருடைய சரக்கு என்று எட்டிப்பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். பார்க்காத வரைக்கும் ஒரு ஆளின் விருப்பத்துக்காக ஊரே பட்டினி கிடக்கும், அதற்கும் கைதட்டும்.

“அவரும் மனு கொடுத்தவர்தான் மேடம்” என்றார் அக்கா, சிரிப்பு அடங்கியதும். “அவர்கிட்ட இருநூறு பேரு வேலை பார்க்குறாங்க. அதையும் எழுதிக்குங்க. அவரை மட்டும் கேட்டதுதான் தப்பு, அவரைக் கேட்டது தப்பில்ல.”

மூன்று வாரத்தில் சட்ட வரைவு திரும்பப் பெறப்பட்டது. பாலம் ஆட்களுக்குத் தினமும், சரக்குக்கு வாரம் நான்கு நாளும் திறந்தது. உள்ளூர்த் தொழில் தயாராவதற்காக, அக்கரைக் கண்ணாடிக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் வரி. அமைச்சர் வானொலியில், இது தன்னுடைய நெடுநாள் கனவு என்றார். பேச்சு நன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

கண்ணாடி முதலாளியும் சும்மா இருக்கவில்லை. அக்கரையில் தேன் அடைக்கப் பாட்டில் கிடைப்பதில்லை என்று தேன்பெட்டிக்காரி மூலம் தெரிந்துகொண்டு, சன்னல் கண்ணாடியோடு பாட்டிலும் செய்யத் தொடங்கினார். லாரி லாரியாகப் பாலத்தைத் தாண்டிப் போனது.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அந்த முதலாளி, முகம் சிவந்து, மனு அக்காவின் அறைக்குள் வேகமாக நுழைந்தார்.

“அநியாயத்தப் பார்த்தியாம்மா? அந்தப் பக்கம் ஒரு பாட்டில் முதலாளி, பாலத்த மூடச் சொல்லி அவங்க அமைச்சர்கிட்டப் போயிருக்கானாம். ஒரு தனி ஆளு பேச்சக் கேட்டு ஒரு நாடே முடிவெடுக்கலாமா? நல்லாச் சூடா ஒரு மனு அடி.”

அக்கா சிரிக்கவில்லை. அதற்கு என்ன பாடுபட்டார் என்று அவருக்குத்தான் தெரியும்.

“அடிச்சிடலாம் சார். ஆனா அங்க முதல்ல பேச வேண்டியது அந்தப் பக்கத்து ஆளுங்க. உங்க பாட்டில வாங்குறவங்க யார் யாருன்னு ஒரு பட்டியல் கொண்டாங்க, அவங்களுக்கும் எழுதுவோம்.” பிறகு நாற்காலிகளைக் காட்டினார். “இப்ப உட்காருங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க.”

முதலாளி உட்கார்ந்தார், தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தவருக்கும், ஓய்வூதியம் வரவில்லை என்று வந்தவருக்கும் அடுத்ததாக.