கடைசியாகப் பேசியது எப்போது?

ஸ்கேன் அறையில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கும் அந்த அம்மாளுக்குக் 'கல்லுமூஞ்சி' என்று பட்டப்பெயர். படத்தில் எது தெரிந்தாலும் முகத்தில் காட்டமாட்டாள். முடிவைச் சொல்வது டாக்டர் வேலை. ஆனால் வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் இவள் முகத்தைத்தானே முதலில் பார்க்கிறார்கள், பாவம்!

அன்று காலை எட்டு மணிக்கு ஒரு தையல்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஏழு மணிவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று மனைவி அடித்துச் சொன்னாள். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலம் கடந்து போட்டால் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. டாக்டர் ஊசியைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். தலை அசையாமல் கட்டியிருந்த பட்டையை அவிழ்க்கும்போதுதான் கல்லுமூஞ்சி கவனித்தாள்: தையல்காரர் கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசியவர் கன்னமா இது? விறுவிறுவென்று வெளியே போனாள்.

"ஏழு மணிக்கு என்னம்மா பேசினார்?"

"அது... சும்மா, ஏதோ..."

"இது போலீஸ் விசாரணை இல்லம்மா. நேரம் தப்பா இருந்தா அந்த ஊசியே எமனாயிடும். உள்ளதைச் சொல்லுங்க."

மனைவி சுவரில் சாய்ந்தாள். "ராத்திரி சண்டை. நான் வேற ரூம்ல படுத்துட்டேன். காலையில எழுப்பினேன், எழுந்திரிக்கல. பொண்டாட்டிக்கே தெரியலையான்னு கேப்பாங்களேன்னு..."

திட்ட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அதற்கு நேரமில்லை. உள்ளே ஓடினாள்.

"டாக்டர், நிறுத்துங்க! ராத்திரிக்கு அப்புறம் அவரை யாரும் நல்லபடியா பார்க்கல."

இனி எம்.ஆர்.ஐ.தான் வழி. அதில் இரண்டு வகைப் படம் எடுப்பார்கள். ஒன்றில் பாதிப்பு சீக்கிரமே வெள்ளையாகத் தெரியும், மற்றதில் தெரியச் சில மணி நேரம் ஆகும். முதல் படத்தில் மட்டும் தெரிந்தால் அடைப்பு புதிது, ஊசி போடலாம்.

முதல் படத்தில் இடப்பக்கம் வெள்ளைத் திட்டு. அடுத்தது முடியும்வரை டாக்டர் நாற்காலியில் உட்காரவே இல்லை. அதில் திட்டு இல்லை.

"போடுங்க," என்றார்.

மருந்து ஏறத் தொடங்கியது. மனைவி கல்லுமூஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சு வந்துடுமா?"

"வரலாம்மா. இப்பவே சொல்ல முடியாது."

"ராத்திரி நான் கடைசியா என்ன சொன்னேன் தெரியுமா? இனிமே எங்கிட்ட பேசவே பேசாதீங்கன்னு சொன்னேன்."