மகனுக்குப் பின் பிறந்த அப்பாக்கள்

அன்று அந்த மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஐயம்பேட்டையிலிருந்து வரும் அக்கா, வாலாஜாபாத்திலிருந்து ரயிலில் வரும் கல்லூரி முடித்த பெண், நான், எங்களை வேலைக்கு வைத்திருந்தவர். ஐந்தாவதாக, ஸ்பீக்கரில் போட்ட போனில், சென்னையிலிருந்து இந்த வேலையைக் கொடுத்த அம்மா. சம்பள நாள் அது. செவிலிமேட்டில் வீட்டுக்காரர் வாடகைக்காக இரண்டு தடவை கதவைத் தட்டியிருந்தார்.

வேலை இதுதான். முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் வரிப் பட்டியல், திருமணப் பத்திரம், கல்லறைக் குறிப்பு எல்லாம் ஆங்கில எழுத்தில் படமாக வரும். பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். இந்த ஊரில் வரி கட்டியவனும் அந்த ஊரில் கல்யாணம் செய்தவனும் ஒரே ஆள்தானா என்று பிறகு அதுவே தேடிக் கண்டுபிடிக்குமாம். ஓரெழுத்து பிசகினால் ஒருவன் இரண்டு பேராகிவிடுவான். நான் எட்டாவதோடு நின்றவள். அந்தப் பயத்தில் ஒவ்வொரு பெயரையும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சிலருக்கு உலகத்தில் மிஞ்சியதே அந்த ஒரு வரிதான்.

பெயர்கள் ‘இன்னார் பென் இன்னார்’ என்று இருக்கும். ஆரம்பத்திலேயே முதலாளி சொல்லிக்கொடுத்தார்: “நம்ம இனிஷியல் மாதிரிதாம்மா. முன்னாடி வர்றது அப்பன் பேரு, பின்னாடி வர்றது அவன் பேரு.” சந்தேகத்தில் மறுபடியும் கேட்டேன். “எட்டாவது படிச்சிட்டு எனக்கே கிளாஸ் எடுக்கறியா?” என்றார், போண்டா எண்ணெய் விரலால் என் மௌஸை நகர்த்தியபடி.

சம்பள நாளன்று போனில் அந்த அம்மா சிரித்தார். “சார், உங்க ஷீட்ல அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருக்கு! பென்னுன்னா மகன். முன்னாடி இருக்கறதுதான் ஆளு, பின்னாடி இருக்கறவர் அப்பா.”

இவர் யோசிக்கவேயில்லை. “என்ன மேடம் பண்றது, படிக்காத பொம்பளைங்க. நான் கரெக்டாத்தான் சொன்னேன், இதுங்க மாத்திப் போட்டுக்கினு இருந்திருக்குதுங்க.”

நாங்கள் மூவரும் எதிரேதான் உட்கார்ந்திருந்தோம். மனுஷனுக்குக் கூசவில்லை.

“நான் பி.காம் அக்கா” என்று முணுமுணுத்தாள் வாலாஜாபாத்துப் பெண்.

“பரவாயில்ல சார், ரெண்டு வரிசையையும் இடம் மாத்தினோம், சரியாயிடுச்சு. பணம் காலையிலயே போட்டாச்சு” என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

எனக்கு மூச்சு வந்தது. முதலாளி நாற்காலியைத் திருப்பினார்.

“பாதி சம்பளம்தான். தப்புக்கு ஃபைன்.”

அக்கா நெசவு வீட்டுப் பெண். விருட்டென்று எழுந்தார். “தறியில பாவு நூலைத் தப்பா ஏத்தினது நீ. நெய்ஞ்சவளுக்கு அபராதமா?”

“செத்துப்போனவன் பேருக்கு ஏம்மா இவ்ளோ கூச்சல்? அவன் வந்து கேக்கப் போறானா?”

“அவன் கேக்கமாட்டான்யா. நாங்க கேக்கறோம் இல்ல?”

அதற்குப் பதிலாகப் பல்லைக் குத்தி, குச்சியை முகர்ந்து பார்த்து, நான் பாதி குடித்து வைத்திருந்த டீயில் போட்டார். குமட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போன அந்த மனிதர்களின் பெயரைச் சொல்லி வாங்கிய காசில்தான் மறுநாளும் போண்டா தின்பார் என்று நினைத்தபோது இன்னும் குமட்டியது. ஆனாலும் நீட்டிய பாதியை வாங்கிக்கொண்டேன். வாடகைக்குப் போதாமல் மூக்குத்தியை அடகு வைத்தேன்.

போன் செய்தால் முதலாளி இப்போது எடுப்பதில்லை. எனக்கு மட்டும் அவர் தர வேண்டிய மீதிப் பாதி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.