நாலாவது தங்கமீன்

அறுபத்து மூன்றோ நாலோ, வருஷம் சரியாக நினைவில்லை. வைகுண்ட ஏகாதசி சமயம் என்பது மட்டும் நிச்சயம். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்கு வந்து எனக்கு அது இரண்டாவது மார்கழி. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். எதிர்ப் போர்ஷனில் கணவன், மனைவி இருவர் மட்டும். அவர் டவுனில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. அவளுக்குக் காசநோய். ஆறு மாதமாக வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அவர்கள் கூடத்தில் டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலு தங்கமீன். எல்லாம் அவள் ஆசையாக வளர்த்தவை. அவற்றில் பெரியது, கண்ணாடியில் விரலை வைத்தால் ஓடி வந்து முட்டும். அவள் எழுதும் கடிதங்களில் முதல் விசாரிப்பு மீன்களைப் பற்றித்தானாம். தன்னைப் பற்றி அப்புறம்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த மார்கழியில் அவளுக்கு நுரையீரலில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அவர் பத்து நாள் லீவு போட்டுக் கிளம்பினார். போகும்போது என்னிடம் சாவியையும் தீனி டப்பாவையும் கொடுத்தார்.

"ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை போட்டாப் போறும்மா. தண்ணியைத் தொடவே வேண்டாம், நான் வந்து பார்த்துக்கறேன்" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி, "கண்ணைத் திறந்ததும் இதைத்தான் கேப்பா" என்றார்.

ஏகாதசிக்கு எங்கள் வீட்டில் இருபத்தைந்து உறவினர்கள் வந்து இறங்கினார்கள். படுக்க இடமில்லை. கையில் சாவி இருந்தது. கேட்காமல் அடுத்தவர் வீட்டைத் திறப்பது தப்பு என்று தெரிந்தும், எட்டு பேரை அங்கே படுக்க வைத்தேன். அதுதான் முதல் தப்பு.

எங்கள் பக்கத்தில் கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போடுவது புண்ணியம். வந்தவர்கள் எல்லாரும் மடியில் பொரிப் பொட்டலத்தோடுதான் வந்திருந்தார்கள். குளம் வரை கூட்டத்தில் இடிபடுவானேன், புண்ணியம் கூடத்திலேயே கிடைக்கிறதே என்று ஆளுக்கு ஒரு பிடி தொட்டியில் போட்டுவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மீன்கள் ஓடி ஓடித் தின்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. பாவம், இத்தனை நாளும் சிட்டிகையில் பட்டினி கிடந்தன போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஏகாதசியன்று காலையில் பார்த்தால், தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. ஊறிய பொரி மணலில் படிந்து நாற்றம் எடுத்தது. எனக்குச் சுத்தம் என்றால் கொஞ்சம் பைத்தியம். தண்ணீரைத் தொடாதே என்று அவர் சொன்னது அப்போது காதில் ஏறவில்லை. மீன்களை ஒரு வாளியில் விட்டேன். தொட்டியைக் காலி செய்து, கண்ணாடியில் படிந்திருந்த பச்சையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, மணலை ஏழெட்டுத் தடவை அலசி, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் இறைத்து நிரப்பினேன். மீன்களையும் திரும்ப விட்டாயிற்று. தொட்டி பளிச்சென்று இருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. பெரியது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். என் வயதுதான் இருக்கும். தொட்டியம் என்ற ஊரிலிருந்து புருஷனோடு சொர்க்கவாசல் சேவிக்க வந்தவள். செம்பைக் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஓடத் திரும்பியதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அழுதுகொண்டே உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன்.

அவள் தண்ணீரை முகர்ந்து பார்த்தாள்.

"கெணத்துல மருந்து போட்டிருக்காங்கங்க. எங்க ஊர்ல போடுற அன்னிக்குக் கெண்டக் குஞ்செல்லாம் செத்து மெதக்கும். ஆத்துத் தண்ணி வேணும். கொடம் இருக்கா?"

ஏகாதசிக் கூட்டத்தால் காலரா வந்துவிடக் கூடாது என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாடை எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. மீனுக்கு அது ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆளுக்கு ஒரு குடத்தோடு, எதிரே வரும் கூட்டத்தில் முட்டி மோதிக் காவேரிக்கு ஓடினோம். "உங்க வீட்டுக்காரர் தேட மாட்டாரா?" என்றேன்.

"அவரு வரிசையில நிக்கட்டுங்க. பெருமாளு எங்கயும் போயிட மாட்டாரு" என்றாள்.

பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். மறுபடி ஒரு நடை போய் வந்தோம். அதற்குள் பெரியது போய்விட்டது. மற்ற மூன்றும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி நீந்த ஆரம்பித்தன. செத்ததைக் கொல்லையில் வாழையடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. ஆபரேஷன் ஆகிக் கிடப்பவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்ற பயம் பாதி, என் தப்பு வெளியே வந்துவிடுமே என்ற பயம் பாதி. மறுநாளே பஸ் ஏறி டவுனுக்குப் போய், அலைந்து திரிந்து கலர் மீன் விற்பவரைக் கண்டுபிடித்து, அதே அளவில் ஒரு தங்கமீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். ஒரு சிவப்பு மீன் மாதிரிதானே இன்னொரு சிவப்பு மீனும் என்று நினைத்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். "நாலும் சௌக்கியமா இருக்கு" என்றேன். அவர் கண்ணாடியில் விரலை வைத்தார். புது மீன் மற்ற மூன்றுக்கும் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, "ரொம்ப சிரமம் கொடுத்துட்டேம்மா" என்று மட்டும் சொன்னார்.

பங்குனியில் அவர் மனைவி வீடு வந்து சேர்ந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இரண்டு நாள் சமையலறையை விட்டு வெளியே வராமல் அவள் கண்ணில் படாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, தொட்டிக்கு முன்னால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இது புது மீன்னு எனக்குத் தெரியும். அவர் வந்த அன்னிக்கே எழுதிட்டார்" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சாவி, பொரி, கிணறு, பொய் எதையும் விடவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

"கடுதாசியைப் படிச்சதும் ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் யோசிச்சேன். என் மனசு நோகக் கூடாதுன்னு ஒருத்தி எங்கெல்லாமோ தேடி ஒரு மீனை வாங்கிண்டு வந்து விட்டிருக்கா. ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல இருந்தவாளுக்கு வீட்டுலேர்ந்து கடுதாசியே வராது. எனக்கு இப்படி ஒருத்தி இருக்காளேன்னு தோணித்து. எப்படியும் பொழைச்சு வந்துடணும்னு அன்னிக்குத்தான் நிச்சயமா நினைச்சேன்."

பிறகு எழுந்து போய் ஒரு ரப்பர் குழாயை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். ஒரு வருஷத்துக்கு அவள் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இனிமே நீதான் இதைப் பார்த்துக்கணும்" என்றாள். மணலில் இருக்கும் அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும், ஊற்றும் தண்ணீரை முதல் நாளே இறைத்து மருந்து வாடை போகத் திறந்து வைக்க வேண்டும், கண்ணாடியில் படியும் பச்சையை முன்பக்கம் மட்டும் துடைத்தால் போதும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைச் செய்தேன். அதற்கப்புறம் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

மீனைக் கொன்றவள் கையிலேயே மறுபடி மீனைக் கொடுக்க எப்படி மனசு வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவளைப் போல எல்லாவற்றையும் என்னால் மன்னித்துவிட முடிந்ததில்லை, எனக்கு முன்கோபம் அதிகம். ஆனாலும் யாராவது என் எதிரே நின்று தடுமாறித் தடுமாறிப் பொய் சொல்லும்போது, இவர்கள் எதற்குப் பயந்து சொல்கிறார்கள் என்றுதான் இன்றுவரை எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.