பூச்சிமருந்து வாடை

என் மகள் செல்வியின் சட்டையில் பூச்சிமருந்து வாடை அடித்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டரிடம் நான் முதலில் சொன்னது அதைத்தான். "வாய்க்கால் தண்ணியில மருந்தைக் கலந்துட்டாங்க டாக்டர். குடிச்சுட்டு விழுந்துட்டா."

அவள் குடித்ததை நான் பார்க்கவில்லை. விழுந்ததையும் பார்க்கவில்லை.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வந்திருந்த காலம் அது. எங்கள் ஆறு மா நிலத்தை (இரண்டு ஏக்கர்) முருகையன் குத்தகைக்கு உழுதார். அவர் பெயரைப் பதிய என் கணவர் மறுத்தார். வழக்கானது, பேச்சு நின்றது. அன்று பள்ளி விட்டு வரப்பில் வந்த செல்வி அந்த வயலருகே விழுந்தாள். மருந்தடித்துக்கொண்டிருந்த முருகையன்தான் தோளில் தூக்கிவந்து வாசலில் கிடத்தினார். அவள் வாயில் நுரை. அவர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க பேசாதீங்க, போங்க" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அட்ரோபின் (பூச்சிமருந்து விஷத்துக்கு முறிவு) ஊசி போட்டார்கள். ஒன்பது வயதுப் பெண், அந்த ஊசியின் வேகத்தில் நாக்கு வறண்டு, படுக்கையில் இல்லாத எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் நான் சொன்ன சொல்லுக்காக.

மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா வந்தார். "கழுவின தண்ணியில மருந்து வாடையே இல்லை. வந்தப்போ கண்மணியும் சுருங்கலை. குடிச்சதை யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கலைங்க. நானும் பார்க்கலை."

"நீங்க டீச்சர்தானே? பார்த்ததைச் சொல்லுங்க, பயந்ததைச் சொல்லாதீங்க. இது வலிப்பா இருந்தா மறுபடி வரும். எப்படி வந்துச்சுன்னு தெரியாம மாத்திரை எழுத முடியாது. விழுந்தப்போ பார்த்தவரைக் கூட்டிட்டு வாங்க."

பஸ் ஏறி ஊருக்குப் போனேன். முருகையன் மடை கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் நான் சொன்னது எனக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது.

"மருந்து அடிச்சேன் டீச்சரம்மா. பயிருக்கு அடிச்சேன். புள்ளைக்கா அடிப்பேன்?"

"தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாமலா? கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரியில்ல சொல்லியிருக்கீங்க." மண்வெட்டியை வரப்பில் குத்தினார். "இருங்க, வேற சட்டை போட்டுக்கிட்டு வரேன். இல்லாட்டி இதையும் மோந்து பாப்பீங்க."

வாடை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா முன்னால் அவர் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். முதலில் கட்டைவிரல் உள்ளே மடங்கியது, பிறகு கை இழுத்தது, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. "பேரு சொல்லிக் கூப்பிட்டேன். முழிச்சுது, பதில் இல்லீங்க." டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். நான் பெற்ற பிள்ளையின் நோயை, நான் விரட்டிய மனிதரின் கையில்தான் பார்த்தேன்.

பினோபார்பிடோன் (வலிப்பைத் தடுக்கும் மாத்திரை) மூன்று வருடம். முதல் ஆண்டில் இரண்டு முறை வலிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எனக்குத்தான் சரியாகவில்லை. மாத்திரை கொடுத்தேனா என்று கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பேன். வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கை, விடை சரியாக இருக்கும்போதே அழித்திருக்கிறேன். ஒரு முறை அத்தனை உறுதியாகத் தவறியவள், எதையும் உறுதியாகச் சொல்லப் பயந்தேன்.

பிள்ளைக்கு நோய் கண்ட பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். டாக்டரிடம் போகுமுன், பார்த்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. வழக்கு முடியவில்லை. செல்வி இப்போது தனியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். கொல்லையிலிருந்து அந்த வயல் வரைதான் எனக்குத் தெரியும். அவள் அதைத் தாண்டியதும் முருகையன், என் பக்கம் திரும்பாமலே, மண்வெட்டியை ஒரு முறை உயர்த்துவார். அதுவரை என் இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருப்பது எனக்கே தெரியாது. அதை மெல்ல விரித்துக்கொண்டு உள்ளே வருவேன்.