1685உம் தம்பியின் கேஸும்

தம்பியின் அகதிக் கேஸை நாசமாக்கியது நான்தான். வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

கனடாவின் மொன்றியலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்திறங்கியவனைச் சொந்தக்காரர் முதலில் கூட்டிப்போவது கேஸ் எழுதுபவரிடம். அவரும் எங்களைப்போல அகதியாக வந்தவர்தான். ஏற்கெனவே வென்ற கதைகளை வைத்திருப்பார். பெயரையும் ஊரையும் மாற்றித் தருவார். என் கேஸும் அப்படித்தான் வென்றது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆமி, இலங்கை இராணுவம், குடியிருந்தது. தம்பி அவர்களுக்குத் தண்ணீர் அள்ளினான், அடி வாங்கினான். வீட்டை விரும்பிக் கொடுத்ததாகக் கையெழுத்தும் போட்டான். அதைச் சொல்ல வந்தவனை நான் மறித்தேன்.

“உது ஆருக்கு நடக்கேல்லை? உதைக் கேட்டு வெள்ளைக்காரன் கொட்டாவி விடுவான். அவர் எழுதித் தாறதைப் பாடமாக்கு.”

“பாடமாக்கத் தெரிஞ்சிருந்தால் நான் ஏன் அண்ணை ஓ.எல் சோதினையில கோட்டை விட்டனான்?” என்று சிரித்தான்.

விசாரித்த அதிகாரி அதே கதையை வேறொருவனிடம் கேட்டிருந்தார். நம்பத்தக்கதல்ல என்று நிராகரித்தார்.

அடுத்த வாரம் என் பிரெஞ்சு வகுப்பில் 1685ஆம் ஆண்டுப் பாடம். நாடு முழுக்க ஒரே மதம் என்று பிரான்சின் அரசன் சட்டம் போட்ட ஆண்டு. அவனும் எங்களைப்போல வேதக்காரன், கத்தோலிக்கன்; ஞாயிறு தவறாமல் பூசை கண்டிருப்பான். அதற்கு முன்பே புரட்டஸ்தாந்தரின் வீடுகளில் படையைக் குடியிருத்திவிட்டான். தின்றார்கள், உடைத்தார்கள், அடித்தார்கள். தாங்கமுடியாமல் சனம் மதம் மாறுவதாகக் கையெழுத்துப் போட்டது. முடிந்தவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். ஆசிரியை சொல்லி முடிக்கும்வரை வகுப்பில் யாரும் கொட்டாவி விடவில்லை.

மறுநாளே தம்பியை இழுத்துக்கொண்டு வக்கீலிடம் போய் வீட்டில் ஆமி இருந்த கதையைச் சொன்னேன். நிராகரித்த கேஸில் இனிமேல் புதிதாக நடந்ததை மட்டுமே எடுப்பார்களாம். முதலிலேயே சொல்லியிருக்கக்கூடியதைப் பார்க்கமாட்டார்களாம். இதைச் சொல்லியிருந்தால் வென்றிருக்கலாம் என்றும் சொன்னார். அந்தச் சனியனை அவர் தன் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம்.

நாடுகடத்த டோர்வலில்தான் அவனை ஏற்றினார்கள். நான் பெட்டி ஏற்றுகிற அதே விமான நிலையம். அன்று வேலைக்குப் போகவில்லை, வழியனுப்பப் போனேன். ஐந்து நிமிடம் கதைக்க விட்டார்கள்.

“கொழும்பில இறங்கினவுடன பிடிச்சு விசாரிப்பாங்கள். என்ன சொல்லட்டும், அண்ணை?”

என்னிடமே கேட்டான். தெரியாது என்றேன்.